பையனை மடக்கிச் சீண்டுறாங்க: "எதிர்த்து நில்லு"ன்னு சொல்றதா, "சமாளிச்சுக்கோ"ன்னு சொல்றதா?

கொருக்குப்பேட்டை_அம்மா

வணக்கம். பையன் எட்டாவது படிக்கிறான். ஒல்லியான உடம்பு, வகுப்புலயே குள்ளம். பத்தாவது பசங்க மூணு பேர் இன்டர்வெல்ல பாத்ரூம் வாசல்ல வழி மறிக்கிறாங்க, காலரைப் பிடிக்கிறாங்க, கையில இருக்கிற பத்து இருபதைப் பிடுங்குறாங்க. சாயங்காலம் ரயில்வே கேட் தாண்டுற வரைக்கும் பட்டப்பேரு சொல்லிக்கிட்டே பின்னால வர்றாங்க.

அவங்க அப்பா "திருப்பி ஒண்ணு வுடுடா"ங்கிறார். பாட்டி "கண்டுக்காம போ"ங்கிறாங்க. நான் "சமாளிச்சுக்கோ"ன்னு சொன்னேன். "சமாளிக்கிறதுன்னா என்னம்மா பண்ணணும்?"னு கேக்குறான். அங்க நின்னா என்ன பேசணும், கை வெச்சா என்ன பண்ணணும், குத்துச்சண்டை கிளாஸ்ல சேத்தா சரியாகுமா, ஸ்கூல்ல எப்படிப் புகார் கொடுத்தா நடக்கும்? விஷயம் தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

வியாசை_வாத்தியார்

"சமாளி"ன்னு சொன்னா அந்த வயசுப் பையன் "வீட்டுக்குத் தொல்லை குடுக்காம நீயே பாத்துக்கோ"ன்னு எடுத்துக்குவான். அப்புறம் வாயே திறக்க மாட்டான். "எதிர்த்து நில்லு"ன்னா சண்டை போடச் சொல்றாங்கன்னு எடுத்துக்குவான். மூணு பேருக்கு எதிரா அது நடக்காதுன்னு அவனுக்கே தெரியும், அதனால அதையும் விட்டுடுவான். ரெண்டுமே உடம்பால செய்யற வேலையைச் சொல்லலை. நகரு, கையைத் தூக்கு, இதைச் சொல்லு, அங்க போ, என்கிட்ட வந்து சொல்லு. இப்படித் தனித்தனியா சொன்னாதான் அவனால செய்ய முடியும்.

முதல்ல வாய். சீண்டுறவங்க எதிர்பார்க்கிறது கேள்வியை. "ஏன்டா இப்படிப் பண்றீங்க?"ன்னு இவன் கேட்டா, "எப்புடிடா பண்றோம்? சொல்லேன் பாப்போம்"னு பதில் வரும். அதுக்கு இவன் பதில் சொல்லணும், அதுக்குள்ள சுத்தி வளைச்சு நின்னுடுவாங்க. "ப்ளீஸ்டா வுடுடா"ங்கிற கெஞ்சலும் அப்படித்தான், அவங்களுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் ஆட்டம் கிடைக்கும். கேள்வியும் வேணாம், கெஞ்சலும் வேணாம். ஏவலா ரெண்டே சொல்: "கையை எடு." "பையைக் குடு." "வழி விடு." அதிகபட்சம் ரெண்டு தடவை. மூணாவது தடவை சொன்னா அந்தச் சொல்லுக்கு மதிப்பு போயிடும், அங்கேர்ந்து நகர்ந்துடணும்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. அவங்க பெரிய பசங்க. நம்ம பக்கம் எட்டாவது பையன் பத்தாவது பையனை "டா" போட்டா அதையே காரணமா வெச்சு அடிப்பாங்க: "என்னடா, டா போடுறியா?" அதனால "ணா" சேத்தே சொல்லட்டும். "கையை எடுங்கணா." "வழி விடுங்கணா." மரியாதை இருக்கும், குரல்ல பணிவு மட்டும் இருக்கக் கூடாது. "ணா"வை இழுக்காம வெட்டி நிறுத்தணும். "எடுங்கண்ணாஆ"ன்னு இழுத்தா கெஞ்சலாயிடும். இந்த வித்தியாசத்தை வீட்டுல சொல்லிக் காட்டி, அவனையும் சொல்ல வைங்க. கண்ணுக்குள்ள முறைச்சுப் பார்க்க வேணாம், அது சண்டைக்கு அழைப்பு. அவன் புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவுல பாத்தா போதும். தரையை மட்டும் பார்க்கக் கூடாது.

பட்டப்பேருக்கு வேற முறை. அந்தப் பேருக்குத் திரும்பவே கூடாது, நடையும் மாறக் கூடாது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் திரும்பட்டும். இதுல ஒண்ணை முன்கூட்டியே சொல்லி வைக்கணும்: கண்டுக்காம விட்டா முதல் சில நாள் இன்னும் ஜாஸ்தியா கத்துவாங்க. அப்ப திரும்பிப் பாத்துட்டா, "சத்தமா கத்துனா திரும்புவான்"னு நாமளே கத்துக்கொடுத்த மாதிரி ஆயிடும்.

பாட்டி சொன்னது பேச்சுக்கு மட்டும் சரி. கை பட்ட பிறகு, காசு போன பிறகு "கண்டுக்காம போ" செல்லாது.

ராயபுரம்_கோச்

குத்துச்சண்டை பத்திக் கேட்டீங்க. நம்ம ஏரியாவுல சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைன்னு தாத்தா காலத்துலேர்ந்து ஊறிப்போன விளையாட்டு, தாராளமா சேருங்க. ஆனா "அந்த மூணு பேரை அடிக்க"ன்னு சொல்லிச் சேக்காதீங்க. ஆரம்பத்துல ஸ்கிப்பிங், கால் வைக்கிற முறை, ஜாப் (முன்னால இருக்கிற கையால நேரா விடுற குத்து), இதுதான் ஓடும். அதை வெச்சுக்கிட்டு பையன் வெறுங்கையில ஒருத்தன் மண்டையில குத்துனா முதல்ல உடையறது இவன் கைதான். சுண்டு விரலுக்குப் பின்னால இருக்கிற எலும்பு மெல்லிசு. கிளவுஸ், பேண்டேஜ் இல்லாம நெத்தியில பட்டா அங்கதான் விரிசல் விழும். பத்து அவுன்ஸ் கிளவுஸ் போட்டு ஒருத்தன்கூட ஆடுறது வேற, பாத்ரூம் வாசல்ல மூணு பேர் நடுவுல நிக்கிறது வேற.

கிளாஸால என்ன கிடைக்கும்னா, அடி வர்றப்ப கண்ணை மூடாம இருக்கப் பழகுவான், மூச்சு அடைக்காது, கால் ஒட்டிக்காது. சேந்து நடக்க நாலு பசங்க கிடைப்பாங்க. சீண்டுறவன் தனி ஆளைத்தான் தேடுவான், அதனால இது பெரிய விஷயம். சிலம்பத்துலயும் கால்வரிசை நல்லா வரும்.

வீட்டுல இன்னைக்கே ஆரம்பிக்க வேண்டியதைச் சொல்றேன். ஒரு நாள் பத்து நிமிஷம், வாரம் நாலு நாள். அப்பாவைப் பிடிக்கச் சொல்லுங்க, பையன் விடுவிச்சுக்கட்டும்.

நிக்கிற நிலை: தோள் அகலத்துக்குக் கால், ஒரு கால் அரை அடி பின்னால. ரெண்டு கையும் நெஞ்சு உயரத்துல, உள்ளங்கை வெளிய. முஷ்டி மடக்கக் கூடாது. விரிஞ்ச கை "வேணாம்"னு சொல்ற கை, பாக்குறவங்களும் அப்படித்தான் சாட்சி சொல்வாங்க. அதே கைதான் வர்ற அடியையும் தடுக்கும். எப்பவும் ரெண்டு கை தூரம் வெச்சுக்கணும். அவன் ஒரு எட்டு வந்தா இவன் பக்கவாட்டுல சாய்வா ஒரு எட்டு நகரணும். நேரா பின்னால போனா சுவத்துல முட்டிக்குவான், பாத்ரூம் வாசல்ல அதுதான் நடக்கும்.

மணிக்கட்டைப் பிடிச்சா: எல்லாப் பசங்களும் கையைப் பின்னால இழுப்பாங்க. அது பலப்பரீட்சை, பெரியவன்தான் ஜெயிப்பான். பிடிச்சவன் கையில நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் ஒரு பக்கம். கட்டை விரல் நுனியும் மத்த விரல் நுனியும் சந்திக்கிற இடத்துலதான் பிடி லூசா இருக்கும். நம்ம மணிக்கட்டு ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒல்லி. ஒல்லிப் பக்கத்தை அந்தச் சந்துக்கு நேரா திருப்பி, முழங்கையை மடக்கி அவன் பக்கமா முன்னால கொண்டு போய், வெடுக்குனு உருவணும். முழங்கை முன்னால போகலைன்னா வராது, பசங்க தப்பு விடுற இடம் இதுதான். ரெண்டு கையால பிடிச்சிருந்தா, மாட்டுன கையை முஷ்டியாக்கி, இன்னொரு கையால அந்த முஷ்டியை மேலேர்ந்து பிடிச்சு, தன் தோள் பக்கம் மேல இழுக்கணும். உருவுன அதே வேகத்துல ரெண்டு எட்டு விலகணும். உருவிட்டு அங்கயே நின்னு "பாத்தியா"ன்னு பார்த்தா அடுத்த பிடி விழும்.

காலரைப் பிடிச்சா: பின்னால சாயக் கூடாது, சட்டை கழுத்தை இறுக்கும். தாடையை நெஞ்சோட ஒட்டிக்கிட்டு, பிடிச்ச கையைத் தன் ரெண்டு கையாலயும் நெஞ்சோட அமுக்கிப் பிடிக்கணும். அப்ப அவனால உலுக்க முடியாது. அப்படியே இடுப்போட உடம்பைத் திருப்புனா பிடி கழண்டு வரும்.

கழுத்தைக் கக்கத்துல இடுக்குனா: முதல் வேலை மூச்சு. முகத்தை அவன் விலாப் பக்கம் திருப்பி, தாடையைத் தாழ்த்தி, ரெண்டு கையாலயும் அவன் முன்கையைக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கணும். பின்னாலேர்ந்து இடுக்குனா தாடையை அவன் முழங்கை மடிப்புக்குள்ள திருப்பணும். நிமிரப் பாத்தா இன்னும் இறுகும். முழுசா விடுவிச்சுட்டு வர்றது நல்ல பயிற்சி இருந்தாதான் வரும். மூச்சைக் காப்பாத்திக்கிட்டுக் கத்துறது முதல் நாளே வரும். இதைப் பழகும்போது அப்பா கழுத்துல அழுத்தம் குடுக்கவே கூடாது, கையை வளையமா வெச்சா போதும். நிஜமா கழுத்து நெரிபட்டு அப்புறம் குரல் கம்முனாலோ, முழுங்க வலிச்சாலோ, வெளிய காயம் தெரியலைன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

தள்ளிவிட்டா விழுறதையும் பழக்குங்க, பாய் மேல. தாடை நெஞ்சுல, முதுகு வளைஞ்சு, குந்துற மாதிரி இறங்கி விழணும். கையைப் பின்னால ஊணுனா மணிக்கட்டு போயிடும்.

முதல் வாரம் அப்பா லேசா பிடிக்கட்டும், அப்புறம் மெதுவா இறுக்கட்டும். எடுத்தவுடனே முழு பலத்துல பிடிச்சா "இது வேலை செய்யாது"ன்னு பையன் மனசு விட்டுடுவான்.

காம்பஸ், பிளேடு, மோதிரம், சாவிக்கொத்து, தற்காப்புக்குன்னு எதையும் பையில வைக்க விடாதீங்க. பிடுங்கி இவன் மேலயே போடுவாங்க.

எண்ணூர்_ரோடு

கோச் சார் சொன்னதெல்லாம் சரி, ஆனா அவங்க அப்பா சொன்னதை ஒரேயடியா தள்ளவும் வேணாம். ஒருத்தன் அடிக்க அடிக்க கையைக் கட்டிக்கிட்டு நின்னா அதுவே பழக்கமாயிடும். தடுக்கணும், தள்ளிவிடணும், ஓட இடம் கிடைக்கிற வரைக்கும். மூணு பேர் இருந்தாலோ எவன் கையிலயாவது பிளேடு தெரிஞ்சாலோ காசை, போனைக் குடுத்துட்டு வந்துடணும். இதை வீட்டுல தெளிவா சொல்லுங்க: "காசு போனா திட்ட மாட்டோம்." இல்லன்னா திட்டுக்குப் பயந்து அம்பது ரூபாய்க்காக வாங்கிக் கட்டிக்கிட்டு வருவான்.

குடுத்த அன்னைக்கே உங்ககிட்ட சொல்லிடணும். ரெண்டாவது தடவையும் சத்தமில்லாம குடுத்தா அது மாமூல், அப்புறம் தொகை ஏறும்.

பழைய_வண்ணை_வக்கீல்

திருப்பி அடிப்பது பற்றிச் சட்டம் சொல்வது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. வரும் தாக்குதலைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே பலம் பயன்படுத்தலாம். அடித்தவன் திரும்பிப் போன பிறகு பின்னால் ஓடிப் போய் அடிப்பது தற்காப்பு ஆகாது. மறுநாள் அண்ணன்மாரைக் கூட்டிக்கொண்டு போய் அடிப்பது கண்டிப்பாக ஆகாது.

புகாருக்கு வருகிறேன். பெரும்பாலான பெற்றோர் எழுதிக் கொடுப்பது இப்படி: "என் மகனுக்குச் சில மாணவர்கள் தொடர்ந்து தொல்லை கொடுக்கிறார்கள், தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதில் என்ன நடந்தது என்பதே இல்லை. தலைமை ஆசிரியர் அந்தப் பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டால் "சும்மா ஓட்டினோம் சார்" என்பார்கள், அதோடு முடியும். "தொல்லை", "சீண்டல்", "கலாட்டா" எல்லாம் நம் அபிப்பிராயம். செயலைச் சொல்லும் வினைச்சொற்களில் எழுதுங்கள்: மறித்தான், பிடித்தான், அடித்தான், பறித்தான், மிரட்டினான். ஒவ்வொன்றும் சட்டத்தில் தனித்தனிக் குற்றம். போக விடாமல் மறித்தால் 126, அடித்துக் காயப்படுத்தினால் 115, மிரட்டிப் பணம் பறித்தால் 308, குற்ற நோக்கோடு மிரட்டினால் 351. பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் பிரிவு எண்கள் வேண்டாம், வினைச்சொல் சரியாக இருந்தால் போதும்.

மாதிரிக்கு ஒரு பத்தி:

"செவ்வாய்க்கிழமை காலை இடைவேளையில், சுமார் 10.45 மணிக்கு, கீழ்த்தளக் கழிப்பறை வாசலில், பத்தாம் வகுப்பு மாணவர் மூவர் என் மகனை மறித்தனர். ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரில் தள்ளினார். மற்றொருவர் சட்டைப் பையிலிருந்து 20 ரூபாயை எடுத்துக்கொண்டார். 'வெளியே சொன்னால் கேட்டாண்ட வெச்சுக்கிறோம்' என்று மூன்றாமவர் சொன்னார். உடன் இருந்த வகுப்புத் தோழர் இருவர் பார்த்தனர். சட்டையின் இரண்டாவது பொத்தான் அறுந்துள்ளது, வலது தோளில் சிராய்ப்பு உள்ளது."

அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளில் எழுதுங்கள், நாகரிகப்படுத்த வேண்டாம். சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் அது மிகவும் முக்கியம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதே அந்தச் சொல்லை வைத்துத்தான் பார்க்கப்படும். ஆடையை உருவுவது, அந்தரங்க இடத்தில் கை வைப்பது, அதைப் படம் எடுப்பது நடந்திருந்தால் போக்சோ சட்டம் வரும். அது ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. அப்படி ஒன்று தெரிந்த பிறகு பள்ளி தனக்குள் பேசி முடித்துக்கொள்ள முடியாது, 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

கடிதம் ஒரே பக்கம், இரண்டு பிரதி. உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து, தேதி, பள்ளி முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே எழுதுங்கள். இடைவேளையில் அந்தக் கழிப்பறைப் பக்கம் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும். பள்ளி விடும்போது அந்த மூவரும் பத்து நிமிடம் கழித்து அனுப்பப்பட வேண்டும். எடுத்த நடவடிக்கையை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். "உங்கள் மகனை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுகிறோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், அது அடிபட்டவனுக்குத் தண்டனை.

இரண்டைக் கேட்காதீர்கள். "அவனுக்கு டிசி கொடுங்கள்" என்று கேட்பது வீண். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. பத்தாவது பையன் என்றாலும் பொதுத் தேர்வு வருடத்தில் பள்ளி எளிதில் அனுப்பாது, உங்கள் மற்ற கோரிக்கைகளும் அதோடு சேர்ந்து அடிபடும். "நாலு சாத்து சாத்துங்க சார்" என்றும் கேட்காதீர்கள். ஆசிரியர் அடிப்பது சட்டப்படியே தவறு, அந்த அடியின் கோபம் சாயங்காலம் உங்கள் பையன் மேல்தான் இறங்கும்.

அரசுப் பள்ளி என்றால் "மாணவர் மனசு" பெட்டி இருக்கும், பையனே எழுதிப் போடலாம். பள்ளி அசையவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு, அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், பையனே பேசலாம்.

காவல் நிலையம் போவதென்றால் குழந்தைகள் நல காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பும் 18 வயதுக்குள் என்பதால் கொடுங்குற்றம் தவிர மற்றவற்றுக்குப் பொதுவாக எஃப்ஐஆர் போட மாட்டார்கள், நிலைய நாட்குறிப்பில் பதிந்து பெற்றோரைக் கூப்பிடுவார்கள். அதைப் பார்த்து "போலீஸ் ஒன்றும் செய்யவில்லை" என்று திரும்பிவிடாதீர்கள். சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை ஏதாவது நடந்தால் அந்த ரசீது உதவும்.

காயம் இருந்தால் அன்றே படம் எடுங்கள், இரண்டாம் நாளும் எடுங்கள், கன்றிப்போனது அப்போதுதான் நன்றாகத் தெரியும். ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போனால் "விழுந்துட்டான்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே பதிவாகும், ஏஆர் காப்பி கேட்டு வாங்கலாம். தலையில் அடிபட்டு வாந்தி, அசாதாரணத் தூக்கம் இருந்தால் புகாரெல்லாம் பிறகு, முதலில் மருத்துவமனை.

திருவொற்றியூர்_டியூஷன்

அவங்க வீட்டுக்கு மட்டும் நேரா போயிடாதீங்க அக்கா. வாசல்ல நின்னு பேசுனா பத்து பேர் கூடுவாங்க, பிள்ளைங்க விஷயம் ரெண்டு தெருவுக்கு நடுவுல போயிடும். பள்ளிக்கூடத்துல, தலைமை ஆசிரியர் முன்னால மட்டும் பேசுங்க. அங்கயும் "ரெண்டு பேரும் கை குடுத்துக்கோங்க"ன்னு சமாதானம் பண்ணி வெச்சா உடனே தலையாட்டாதீங்க. சம பலம் உள்ளவங்க சண்டைக்குத்தான் அது. இங்க உங்க பையன் பயத்துல கை குடுப்பான், அவன் வெளிய வந்து அதே கையை முறுக்குவான்.

வழியைப் பத்திச் சொல்றேன். சீண்டல் நேரமும் இடமும் பாத்துதான் நடக்கும். இன்டர்வெல் மணி அடிச்ச உடனே பாத்ரூம் கூட்டமா இருக்கும்போதே போயிட்டு வந்துடணும், கடைசி அஞ்சு நிமிஷம் ஆள் இல்லாத நேரம். பயத்துல நாள் முழுக்கப் போகாம அடக்குற பிள்ளைங்க நிறைய. வீட்டுக்குள்ள வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுட்டு பாத்ரூமுக்கு ஓடுறானான்னு கவனிங்க. தண்ணி பாட்டில் நிரம்பின மாதிரியே திரும்பி வருதான்னு பாருங்க.

சாயங்காலம் கேட் மூடியிருந்தா அந்தக் கூட்டத்துல மாட்டிக்குவான். கேட்டுக்கு முன்னால இருக்கிற மெடிக்கல் ஷாப், மாவு மில், டீக்கடை, இதுல ரெண்டு கடைக்காரர்கிட்ட நீங்களே போய் "அண்ணே, பையன் வந்து நின்னா கொஞ்ச நேரம் நிக்க வுடுங்க"ன்னு சொல்லி வைங்க. பையனும் அந்த அண்ணனை நேர்ல பாத்திருக்கணும், முகம் தெரியாத கடைக்குள்ள அவசரத்துல ஏற மாட்டான். அதே தெருப் பசங்க ரெண்டு பேரோட சேத்து அனுப்புங்க. அந்த ரெண்டு பேருக்கும் ஒரு வேலை சொல்லிக் குடுங்க: சண்டையில இறங்க வேணாம், கிட்ட போய் "டேய் வாடா, சார் உன்னைக் கூப்பிடுறாரு"ன்னு தோளைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடணும். பெரிய பசங்களுக்கும் மானம் போகாம விட்டுட்டுப் போக ஒரு சாக்கு கிடைக்கும். அதனாலதான் இது வேலை செய்யுது.

பஸ்ல போற நாள்னா படிக்கட்டுப் பக்கம் நிக்கவே வேணாம். உள்ள, டிரைவர் பக்கமா கம்பியைப் பிடிச்சு நிக்கட்டும்.

கொருக்குப்பேட்டை_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கும் படிச்சுக் காட்டினேன், மணிக்கட்டுப் பயிற்சி ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் மூணு சந்தேகம். புகார் குடுத்தா "போட்டுக் குடுத்துட்டான்"னு மொத்த வகுப்பும் ஒதுக்கிடும்னு அழுவுறான். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல அவன் போட்டோவைக் கோணலா மாத்திப் போட்டிருக்காங்க, அழிச்சிடலாமா? வீட்டுல நல்லா சொல்றான், அங்க போனா வாயே வரலைங்கிறான்.

வியாசை_வாத்தியார்

பசங்க உலகத்துல போட்டுக் குடுக்கிறதுன்னா ஒருத்தன் ஹோம்வொர்க் எழுதலைன்னு சார்கிட்ட சொல்றது. அதுல சொன்னவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, மாட்டினவனுக்குத்தான் அடி. இவன் சொல்றது தன் சட்டை கிழிஞ்சதை, தன் காசு போனதை. இதை அவனுக்கு விளக்குங்க. ஆனா விளக்கிட்டா மட்டும் பயம் போகாது, அதனால அவன் சொன்னதா வெளிய தெரியாம புகார் போகணும். கடிதம் உங்க பேர்ல இருக்கட்டும். நீங்க பாத்தது கிழிஞ்ச சட்டை, அதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும். தலைமை ஆசிரியர்கிட்ட இதையும் கேளுங்க: பையனை வகுப்பு நடுவுல எழுப்பி நிக்க வெச்சு "யார்றா அடிச்சது"ன்னு கேக்கக் கூடாது, அந்த மூணு பேரோட ஒரே அறையில வெச்சு விசாரிக்கக் கூடாது. மூணு பேரையும் தனித்தனியா, ஒரே நேரத்துல கூப்பிட்டுக் கேட்டா கதை ஒத்து வராது, உண்மை வந்துடும்.

நீங்க கேக்கிற விதத்தையும் கொஞ்சம் மாத்துங்க. தினமும் வந்ததும் "இன்னைக்கு யாராவது அடிச்சாங்களா?"ன்னு கேட்டா "இல்ல"ன்னு ஒரே பதில்தான் வரும். "இன்டர்வெல்ல யார்கூட இருந்த?" "எந்தப் பக்கமா வந்த?" இப்படிக் கேளுங்க. சாப்பிடும்போதோ நடந்து போகும்போதோ கேளுங்க, முகத்துக்கு நேரா உக்காந்து கேட்டா விசாரணை மாதிரி இருக்கும். தூக்கம் கெட்டு, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆனா வயித்து வலின்னு படுத்துக்கிட்டா, 14416க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ், மனநல ஆலோசனை, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

பழைய_வண்ணை_வக்கீல்

அழிக்காதீர்கள், குரூப்பை விட்டும் வெளியேறாதீர்கள், பதிலும் போடாதீர்கள். படத்தையும், போட்டவரின் எண்ணையும், தேதி நேரத்தையும் சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, அதைத் தொட்டு எண் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். உரையாடலை மொத்தமாக ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். அதன் பிறகு குரூப் அட்மினிடம் அழிக்கச் சொல்லுங்கள். ஆபாசமாக மாற்றப்பட்ட படமாக இருந்தால் யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம், ஆதாரம் காட்டுவதற்காகக்கூட வேண்டாம். குழந்தையின் அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவதே குற்றம். போனோடு நேராக சைபர் கிரைம் காவல் நிலையம் போங்கள்.

ராயபுரம்_கோச்

வாய் வராததுக்குக் காரணம் மூச்சு. பயந்தா மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுக்குவான், காத்து வெளிய போகாம குரல் எப்படி வரும்? அதனால சொல்லுக்கு முன்னால "ஹூ"ன்னு ஊதி மூச்சை விடப் பழக்குங்க. கை மேல வரணும், கால் பின்னால போகணும், மூச்சு வெளிய வரணும், அதோட சேர்ந்து "கையை எடுங்கணா". நாலும் ஒரே அசைவா இருக்கணும். உக்காந்துக்கிட்டு சொல்லிப் பாத்தா அங்க போய் வராது. ஷூ போட்டு, பையை மாட்டி, நின்னு பழகணும். அப்பா திடீர்னு பக்கத்து ரூம்லேர்ந்து வந்து வழி மறிக்கட்டும், எப்ப வருவார்னு தெரியாம இருக்கிறதுதான் பயிற்சி. தெருவுல சத்தமா இருக்கும்போது ஒரு தடவை மொட்டை மாடியில சொல்ல வைங்க, குரல் எவ்வளவு தூரம் போகுதுன்னு அவனுக்கே தெரியணும்.

பையை ரெண்டு தோள்லயும் மாட்டி வாரை இறுக்கி விடுங்க. ஒத்தைத் தோள்ல தொங்குனா ஒரே இழுப்புல ஆளே சுத்திடுவான். ஐடி கார்டு கயிறையும் பாருங்க. கழுத்துல தடிமனா தைச்ச கயிறு இருந்தா அதையே பிடிச்சு இழுப்பாங்க. பிடரிப் பக்கம் பிளாஸ்டிக் கிளிப் வெச்சு, இழுத்தா கழண்டு வர்ற மாதிரி கயிறு ஸ்டேஷனரி கடையில கிடைக்கும், அதை மாத்திடுங்க. டை கட்டுற ஸ்கூலா இருந்தா முடிச்சு போடுற டை வேணாம், கொக்கி மாட்டுற டை வாங்குங்க.